பேரனுக்குப் பதிலாக நான் போய் உட்கார்ந்த கல்யாண வகுப்பு

சேசு மரி சூசை துணை

ஜெலுத்தோங், பினாங்கு
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி லீனா டீச்சர் அவர்களுக்கு,

ரயனின் பாட்டி சவேரியம்மாள் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இந்த வீட்டில் என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே தைப்பிங் மழையில் உங்கள் மூச்சிரைப்பு குறைந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் ஜெபமாலை முடிவில் ஒரு அருள்நிறை மந்திரம் தனியாகச் சொல்லி வருகிறேன். கோபத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகும் அதை நிறுத்தவில்லை.

உங்களுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. கோபக்காரர்கள் போனை எடுக்காமல் இருப்பார்கள், ஆனால் டீச்சராக இருந்தவர் வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க மாட்டார் என்று நினைத்துத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் அந்த ஐந்து வகுப்பிலும் வாத்தியாருக்குக் கை வலித்தால் கரும்பலகையில் என்னைத்தான் எழுதச் சொல்வார். யாரிடமும் கேட்காமல் நானே எழுதும் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயிலில் நடந்த கல்யாண வகுப்பின் போட்டோவைப் பங்கு ஆட்கள் ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள். அதில் எல்லாரும் ஜோடி ஜோடியாக நிற்க, உங்கள் மகள் மோனிக்காவுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்கிறேன், என் கழுத்தில் தொங்கும் அட்டையில் ரயன் என்று எழுதியிருக்கிறது. கிள்ளானில் இருக்கும் உங்கள் தங்கை அதைப் பார்த்துவிட்டு உங்களுக்குக் காட்டினாராம். பெண்ணைப் பேரனுக்குக் கொடுக்கிறேனா பாட்டிக்குக் கொடுக்கிறேனா என்று நீங்கள் கேட்டதாகவும், பையனுக்கு ஒழுங்கான பகல் வேலை கிடைக்கிற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று சொன்னதாகவும் மோனிக்கா வந்து சொன்னாள். நீங்கள் கேட்டது நியாயம். நானாக இருந்தால் இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன். ஆனால் தள்ளி மட்டும் வைத்துவிடாதீர்கள். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், சில சங்கதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும், இருந்தாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

ரயனுக்குத் தாய் இல்லை, அப்பன் பெர்னார்ட் ஜொகூர் பக்கம் லாரி ஓட்டுகிறான், பெருநாளுக்குப் பெருநாள் வந்து முகம் காட்டிவிட்டுப் போவான், ஆகவே சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் அவனும் நானும்தான். ஜுருவில் காடி எஞ்சினுக்குச் சாமான் செய்கிற ஒரு ஃபேக்டரியில் அவன் டெக்னிஷியன். மெஷின் நின்று போனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள், இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைக்காகச் சொல்ல வேறு விஷயம் நிறைய இருக்கிறது. சேர்ந்த நாளிலிருந்து அவனுக்குக் காலை ஷிஃப்ட். விடிவதற்கு முன்னால் ஃபேக்டரி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிப் போகும், நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து குளித்து, தலையில் எதையோ தடவிக்கொண்டு, லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடுவான். அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடையில் உங்கள் மகள் கணக்கு எழுதுகிறாள், வேலை முடிந்து வாடகை அறைக்குப் போகிற பெண்ணை பஸ் ஸ்டாப் வரைக்கும் நடத்திக் கொண்டுபோய் விடுவது இவன் வேலை. பஸ் ஸ்டாப் கிட்டேதான் இருக்கிறது, இவர்கள் சுற்றிப் போவார்கள். டீச்சர், அந்தச் சாயங்காலம் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணப் பேச்சே இல்லை. காலை ஷிஃப்ட்டில் வளர்ந்த காதல் அது.

அப்படி இருக்கும்போதுதான் கம்பெனிக்குப் புது மேனேஜ்மென்ட் வந்தது. காலை, மதியம், இரவு என்று மூன்றாக இருந்ததை எடுத்துவிட்டு, பன்னிரண்டு மணி நேரம் ஒரு ஷிஃப்ட், நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, கொஞ்ச காலம் பகல், கொஞ்ச காலம் இரவு என்று மாற்றி ஒரு பட்டியல் ஒட்டினார்கள். இதனால் என்ன ஆகிறது என்றால், ஊருக்கெல்லாம் வாரத்துக்கு ஏழு நாள், என் பேரனுக்கு மட்டும் ஆறு நாள். ஓய்வு நாள் நழுவிக்கொண்டே போகும், இந்த வாரம் சனி ஞாயிறு கிடைத்தால் அடுத்தது வெள்ளி சனி, அதற்கடுத்தது வியாழன் வெள்ளி, மறுபடி ஞாயிறு கைக்கு வருவதற்குள் பூசைப் பாட்டெல்லாம் மறந்துவிடும். ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்றுதான் நான் படித்தது. இந்தக் கம்பெனி நாலு நாளில் முடித்து, இரண்டு நாள் ஓய்ந்து, சரியாக ஏழாம் நாள் மறுபடி படைக்கத் தொடங்கிவிடுகிறது.

பழைய ஷிஃப்ட்டே கொடுங்கள், கல்யாணம் வைத்திருக்கிறேன் என்று ரயன் போய் சூப்பர்வைசர் ராமதாஸைக் கேட்டான். அவர் கெட்ட மனிதர் இல்லை. "தம்பி, என் மகன் வளந்ததையே நான் போட்டோவுலதான் பாத்துக்கிட்டிருக்கேன். எனக்குக் கெடச்சா ஒனக்கும் வாங்கித் தாரேன்" என்றாராம். அதற்கு மேல் என்ன கேட்க முடியும். சரி, மாற்ற முடியாததை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று வீட்டை மாற்றத் தொடங்கினேன்.

அவன் பகலில் தூங்க வேண்டும் என்பதற்காக அறை ஜன்னலில் கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டேன். குக்கர் விசில் அடிக்கும் என்று பருப்பைச் சட்டியில் வேகவைத்தேன், கேஸ் தீர்ந்ததே தவிர பருப்பு வேகவில்லை. ரொட்டிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து ஹார்னை அமுக்குவான், அவனை ஃப்ளாட்டுக்குக் கீழேயே மடக்கி, தம்பி நீ ஹார்ன் அடிக்காதே, வேண்டியவர்களுக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவன் சரி என்றுவிட்டான். அன்றிலிருந்து மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டி ரொட்டி வந்திருக்கிறது என்று சொல்வது என் வேலை ஆகிவிட்டது. மேலே சொன்ன முழங்கால் அப்படிப் போனதுதான். பக்கத்து வீட்டு சலேஹா மலாய்க்காரி, தங்கமானவள், ஆனால் உரலில் சம்பல் இடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவளிடமும் சொன்னேன். பாவம், உரலைத் தூக்கிக்கொண்டு கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் போய் உட்கார்ந்து இடித்தாள். அவள் தனியாக இடிப்பதைப் பார்த்து இன்னும் நாலு பேர் தங்கள் உரலோடு இறங்கி வந்தார்கள். இப்போது தினமும் அது ஒரு கூட்டம், அந்தச் சத்தம் எங்கள் அறைக்கு முன்னைவிட நன்றாகக் கேட்கிறது.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது மரியாயின் சேனைக்காரர்கள் வந்தது. நோயாளிகளை வீடு தேடிப்போய் ஜெபம் பண்ணுகிறவர்கள் அவர்கள், தலைவி புஷ்பவள்ளி, நல்ல பக்தி, ஆனால் எதையும் முழுசாகக் கேட்க மாட்டாள். ரயன் தொடர்ந்து பூசைக்கு வரவில்லை, ஜன்னலில் கம்பளி தொங்குகிறது, பையன் பகல் பூரா படுத்தே கிடக்கிறான், பாட்டி படிக்கட்டில் எல்லாரையும் சத்தம் போடாதே என்கிறாள் என்று காதில் விழுந்ததும் அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். நான் பசார் போயிருந்த நேரம். சாவி சலேஹாவிடம் இருந்தது, கோயில் ஆட்கள் என்று சொன்னதும் மரியாதையோடு திறந்து விட்டிருக்கிறாள். நான் மீனும் கையுமாக வீட்டுக்குள் நுழைந்தால், கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் வெள்ளை முக்காட்டோடு மெழுகுதிரி பிடித்துக்கொண்டு மாதா பாட்டுப் பாடுகிறார்கள், புஷ்பவள்ளி அவன் முகத்தில் தீர்த்தம் தெளிக்கிறாள், இவன் கண்ணைத் திறந்து மேலே பார்த்தபடி அசையாமல் கிடக்கிறான். எல்லாரையும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, பயந்துட்டியா அய்யா என்று கேட்டேன். "இல்ல பாட்டி. செத்துட்டேன் போலன்னு நெனச்சேன். சரிலா, இனிமே ஷிஃப்ட் இல்லன்னு ஒரு நிம்மதியா இருந்துச்சு" என்றான். நான் சிரிக்கவில்லை டீச்சர். அந்தப் பிள்ளை எவ்வளவு களைத்திருக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இனி அந்தக் கல்யாண வகுப்பு. உங்களுக்குத் தெரியும், பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து இந்த வகுப்பை முடித்துப் பத்திரம் வாங்கினால்தான் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஃபாதர் கோயிலில் ஓலை வாசிப்பார், மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கல்யாணம். நாம் குறித்திருப்பது தை மாதம். அதை விட்டால் தவக்காலம் வந்துவிடும், அடுத்த வகுப்பு உயிர்ப்புப் பெருநாளுக்குப் பிறகுதான். அதனால் ரயன் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்திருந்தான். புதுப் பட்டியல் வந்தபோது பழைய லீவெல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் வகுப்பு நடக்கிற சனிக்கிழமை அவனுக்குப் பகல் ஷிஃப்ட்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் போனது மன்னிப்புக் கேட்கத்தான். வாசலில் பெயர் எழுதுகிற பிள்ளை எந்த வீடு பாட்டி என்றாள், ரயன் வீடு என்றேன், அவள் ரயன் என்று எழுதி அட்டையை என் கழுத்தில் மாட்டி உள்ளே போங்கள் என்றுவிட்டாள். உள்ளே எல்லாரும் ஜோடியாக உட்கார்ந்து காதோடு காதாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மோனிக்கா மட்டும் ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். அந்த நாற்காலியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன். ஃபாதர் நாதன் மைக்கோடு கிட்டே வந்து, "சவேரியம்மா, நீங்க ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்க" என்றார். "ஆமா ஃபாதர், அனுபவம் இருக்கு" என்றேன். அவர் மைக்கை அணைத்தார். இருந்து கேட்டுப் போய் அவனுக்குச் சொல்லுங்கள், ஆனால் இது உங்கள் கணக்கில்தான் சேரும், அவன் கணக்கில் சேராது, அவன் தனியாக என்னிடம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நல்ல மனிதர்.

முதலில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். உங்கள் துணையிடம் நீங்கள் முதன்முதலில் கவனித்தது என்ன என்று கேட்டிருந்தது. முகம் வெளுத்திருக்கிறது, முருங்கைக்கீரை சாப்பிட வேண்டும் என்று எழுதினேன். உண்மையைத்தானே எழுதச் சொன்னார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா வந்து, பிள்ளை பெறுவதைத் திருச்சபை சொல்கிறபடி நாள் பார்த்துத் தள்ளிப் போடுவது பற்றிப் படம் போட்டு விளக்கினார். நான் வெளியே போகலாமா என்று பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் கேள்வி உண்டா என்றார், அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குத்தான் மனசில் ஒரு கேள்வி இருந்தது, கை தூக்கிக் கேட்டேன். நீங்கள் சொல்கிற நாளில் புருஷன் நைட் ஷிஃப்ட்டில் இருந்தால் என்ன செய்வது அம்மா, அவன் ஓய்வு நாள் நழுவுகிறது, உங்கள் நாளும் நழுவுகிறது, இரண்டும் எங்கே சந்திக்கும் என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிரித்து முடித்ததும் பின்னால் ஒரு பையன் எழுந்து, எனக்கும் அதேதான் டாக்டர், நான் ஏர்போர்ட்டில் இருக்கிறேன் என்றான். அப்புறம் ஒரு நர்ஸ் பிள்ளை, ஓட்டல் சமையல்காரன் ஒருத்தன், ஃபேக்டரி ஆட்கள் நாலைந்து பேர் என்று ஒவ்வொருத்தராக எழுந்தார்கள். பாதி மண்டபம் ஷிஃப்ட்டுக்காரர்கள். டாக்டரம்மா படத்தை அணைத்துவிட்டு, இதற்கு நான் படித்து வரவில்லை, உண்மையைச் சொன்னால் நானும் ஆஸ்பத்திரியில் நைட் பார்க்கிறவள்தான் என்று உட்கார்ந்துவிட்டார்.

தேநீருக்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். ஜோடிகள் எதிரெதிராக உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் பார்க்க வேண்டும் என்றார்கள். நானும் மோனிக்காவும் பார்த்தோம். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, பல்செட் நழுவி விடுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்பு நின்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. பேசக் கூடாது என்று சொல்லியும் பேசினாள். "பாட்டி, நான் எட்டு மணிக்கு வேலைக்கு எறங்குவேன், அவரு எட்டு மணிக்கு வேலை முடிஞ்சி ஏறி வருவாரு. கல்யாணம் பண்ணியும் படிக்கட்டுலதான் பாத்துக்குவோமா?" என்றாள்.

அவள் கழுத்து அட்டையில் அவள் பெயர், என் கழுத்து அட்டையில் அவன் பெயர். பதில் சொல்ல வேண்டியவள் நான். கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். நானும் அழுதேன். அதற்குப் பிறகுதான் அந்தப் போட்டோ எடுத்தார்கள். மோனிக்காவின் கண் சிவந்திருப்பதைப் பார்த்து மாமியார் வீட்டுக் கொடுமை இப்போதே ஆரம்பித்துவிட்டது என்று உங்கள் தங்கை சொன்னாராம். என் கண்ணையும் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து ரயனிடம் வகுப்பு முழுவதையும் ஒப்பித்தேன், முருங்கைக்கீரை, டாக்டரம்மா, எல்லாம். சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டான். கடைசியாக அந்தப் படிக்கட்டுக் கேள்வியைச் சொன்னேன். கையில் எடுத்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டான். கை கழுவிப் படுத்துவிட்டான். ஆனால் அடுத்த வகுப்புக்குள் அவனோடு வேலை செய்கிற ஜாஹிர் என்கிற பிள்ளையிடம் பேசி, உன் பெருநாள் சமயத்தில் உனக்கு நான் செய்கிறேன், இந்தச் சனிக்கிழமைப் பகல் ஷிஃப்ட்டை எனக்குப் பதில் நீ எடு, உன் வெள்ளிக்கிழமை இரவை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மாற்றிக்கொண்டான். அதாவது இரவு முழுக்க வேலை செய்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்தான். சமையலுக்குக் கை கொடுக்க நானும் போயிருந்தேன். காலில் இரும்பு வைத்த ஃபேக்டரி சப்பாத்து, சட்டையில் கிரீஸ். முதல் வரிசையில் மோனிக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். அன்றைக்குத் தலைப்பு, துணை பேசும்போது காது கொடுத்துக் கேட்பது எப்படி. ஃபாதர் இரண்டு வரி சொல்லியிருப்பார், இவன் அவள் தோளில் சாய்ந்து குறட்டை விடத் தொடங்கிவிட்டான். பக்கத்து வரிசைக்காரர் தட்டி எழுப்பப் போனார். ஃபாதர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, "எழுப்பாதீங்க. நான் மெதுவா பேசுறேன்" என்றார். மோனிக்கா அந்தத் தோளை அசைக்கவே இல்லை டீச்சர். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து சாப்பிடப் போனார்கள், இவள் எழுந்திருக்கவில்லை, நான் தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வலது கை அவன் பாரத்தில் மரத்துப்போய் இடது கையால் சாப்பிட்டாள். நீங்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை இடது கையால் சாப்பிட்டதைச் சொல்வது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எனக்கு அதைப் பார்த்த பிறகு இந்தக் கல்யாணத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

விட்டுப்போன பாடத்தை ஃபாதரே ஒரு நாள் காலைப் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்து, வேலை முடிந்து வந்தவனை உட்கார வைத்து நடத்தினார். மோனிக்கா கடைக்குத் தாமதமாகப் போக அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். நான் அடுப்படியில் கருப்புக் காப்பி போட்டுப் போட்டுக் கொடுத்து அவன் கண்ணைத் திறந்து வைத்தேன். பத்திரத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. ஆகையால் வகுப்பு முடிந்தது, முறையாக முடிந்தது, பேரன் பெயரில்தான் முடிந்தது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்போது மிச்சம் இருப்பது உங்கள் கேள்வி. பகல் வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறீர்கள். நீங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தவர், மணி அடித்தால் வேலை தொடங்கும், மணி அடித்தால் முடியும், பென்ஷன் வாங்கியும் அந்த மணி உங்கள் காதில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மணி இல்லை. ரயன் வேறு இடத்தில் கேட்காமல் இல்லை, கேட்ட இடமெல்லாம் இதே மாதிரி பட்டியலைத்தான் காட்டுகிறார்கள். காத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். இப்போதே அவனுடைய ஓய்வு நாளில் இவளுக்குக் கடை, இவளுடைய ஓய்வு நாளில் அவனுக்கு ஃபேக்டரி. லிட்டில் இந்தியாவில் அவன் அவளோடு நடந்து பல வாரம் ஆகிவிட்டது. படிக்கட்டில் பார்த்துக்கொள்வது கொஞ்சம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்யாணம் ஆகாவிட்டால் அவர்களுக்கு அந்தப் படிக்கட்டுகூட இல்லையே.

அதற்கும் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். அவனுக்கு இரவு வேலை இருக்கிற நாட்களில் ஆறு மணிக்கு பஸ் வரும். மோனிக்கா முதலாளியிடம் சொல்லிச் சீக்கிரம் கிளம்பினால் ஐந்தரைக்கு வீட்டில் இருப்பாள். அந்த அரை மணி நேரம் அவர்கள் இரண்டு பேருடையது. சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு நான் சலேஹா வீட்டுக்குப் போய்விடுவேன், பஸ் போன பிறகுதான் வருவேன். மழை பெய்தாலும் சரி, ரொட்டிக்காரன் வந்தாலும் சரி, அந்த அரை மணி நேரம் இந்த வீட்டில் பாட்டி இல்லை. பெண்ணைப் பாட்டிக்குக் கொடுக்கிறேனா என்று கேட்டீர்களே, அதற்கு என்னால் தர முடிந்த பதில் இதுதான். கையில் இருப்பது அரை மணி நேரம், அதைக் குறைக்காமல் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். நாளைத் தள்ளாதீர்கள். இந்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்க ஃபாதரிடம் சரி என்று சொல்லுங்கள்.

எல்லாம் வல்ல ஆண்டவர் உங்கள் கோபத்தையும் மூச்சிரைப்பையும் ஒரே நேரத்தில் குறைப்பாராக. மாதா உங்கள் வீட்டு வாசலில் எப்போதும் நிற்பாளாக. கிள்ளானில் இருக்கும் தங்கைக்கும் என் ஆசீரைச் சொல்லுங்கள், அவர் கண் நல்ல கண், ஆண்டவர் அப்படியே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சவேரியம்மாள்

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் மோனிக்கா வந்தாள். யாருக்குப் பாட்டி கடிதம் என்று வாங்கிப் படித்தாள். படித்து முடித்துக் காகிதத்தை மடித்து என் மடியில் வைத்தாள். அப்புறம், "பாட்டி, அரை மணி நேரத்துக்கு நீங்க ஏன் வெளிய போவணும்? நான் அவரோடவே பஸ் ஏறிடுறேன்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. விளக்கினாள். அந்த முதல் வகுப்பு முடிந்த கையோடு ரயனின் ஃபேக்டரியில் ஸ்டோர் கணக்கு எழுதுகிற வேலைக்கு மனு போட்டிருக்கிறாளாம், இன்று காலை சரி என்று சொல்லிவிட்டார்களாம். ரயன் இருக்கிற அதே குரூப், அதே பகல், அதே இரவு, அதே நழுவுகிற ஓய்வு நாள். கேட்டு வாங்கியது இவள்தான், அவனுக்கே மத்தியானம்தான் தெரியுமாம். கல்யாணம் முடிந்ததும் சேருகிறாள். உங்களிடம் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல்வதாக இருக்கிறாள், ஆகவே நான் முந்திக்கொண்டு சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், அப்போதுதான் கேள்விப்படுவது போல் முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, மேலே நான் பக்கம் பக்கமாக எழுதிக் கேட்டதற்கும் கொடுத்த வாக்குக்கும் இனி அவசியம் இல்லை. அவர்கள் விழித்திருந்தால் சேர்ந்தே விழித்திருப்பார்கள், தூங்கினால் சேர்ந்தே தூங்குவார்கள். இரவில் இந்த வீட்டில் தனியாக இருக்கப் போவது நான் ஒருத்திதான். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் இருட்டிய பிறகு பேசிப் பழகியவள், பேச்சுக்கு ஆள் வேண்டும். நீங்களும் அங்கே தனியாகத்தான் இருக்கிறீர்கள், அவர்களுக்கு நைட் ஷிஃப்ட் வருகிற நாட்களில் இங்கே வந்து தங்குங்களேன். படுக்க இடம் உண்டு. நீங்கள் கல்யாணச் சீராக வாங்கித் தருவதாகச் சொன்ன அந்தப் பெரிய கட்டில் இரவில் சும்மாதான் கிடக்கும், நீங்களே படுத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று, காலை எட்டு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் எழுந்து போர்வையை மடித்துவிட வேண்டும். கட்டிலுக்கும் இனி ஷிஃப்ட்தான் டீச்சர்.